சுவரைக் காக்க வேண்டுமா? கொத்தனாரைக் காப்பாற்றுங்கள்!

செட்டிநாட்டுப் பழைய வீடுகளைப் பாதுகாக்க வேண்டும் என்ற பேச்சு இப்போது பலமாக அடிபடுகிறது. சிவகங்கை, புதுக்கோட்டை ஜில்லாக்களில் பரவிக் கிடக்கும் அந்தக் கிராமங்களுக்கு வெளிநாட்டார் வருகிறார்கள், படம் பிடித்துப் போகிறார்கள். நிபுணர்கள் வந்து அளவெடுக்கிறார்கள். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014ஆம் ஆண்டு அந்தக் கிராமங்கள் சேர்க்கப்பட்டன. சில மாளிகைகள் ஓட்டல்களாக மாறிவிட்டன. "பாரம்பரியம்", "கலைச் செல்வம்", "நமது பெருமை" என்று மேடைதோறும் முழங்குகிறார்கள்.

நல்லது. ஆனால் ஆலையில் பஞ்சுத் தூசியைச் சுவாசித்துக்கொண்டு நிற்கும் தொழிலாளியும், சேற்றில் இறங்கி நாற்று நடும் விவசாயக் கூலியும் ஒரு கேள்வி கேட்பார்கள்: "யாரோ லேவாதேவிக்காரர் கட்டிய மாளிகை. அதன் சுவர் நின்றால் நமக்கென்ன, விழுந்தால் நமக்கென்ன? நம் வீட்டுக் கூரை ஒழுகுகிறதே, அதைப் பற்றி யார் பேசுகிறார்கள்?"

நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. நமது பதில் இதுதான்: அந்த வீட்டுக்குப் பணம் போட்டவர் வேறு, அந்த வீட்டைக் கட்டியவர் வேறு. பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் மறக்க மாட்டோம். கட்டிய கை யாருடையது என்பதையும் மறக்க மாட்டோம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தப் பிரச்னை நமக்கு விளங்கும்.

பணம் வந்த வழி

முதலில் பணத்தைப் பார்ப்போம். இந்த வீடுகளில் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி வரை எழும்பியவை. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்று நீண்டு கிடக்கும் வீடுகள். பர்மாத் தேக்கில் தூண்கள், இத்தாலியச் சலவைக்கல்லில் தளம், பெல்ஜியம் நாட்டுக் கண்ணாடி. வாசலுக்கு மேலே சுதையில் செய்த கஜலட்சுமி. சில வீடுகளில் அவளுக்குப் பக்கத்திலேயே வெள்ளைக்காரச் சிப்பாயின் உருவம்! அந்தக் காலத்தில் யாருடைய நிழலில் வியாபாரம் நடந்தது என்பதற்கு அந்தச் சிப்பாயே சாட்சி.

1852ஆம் ஆண்டு யுத்தத்தில் கீழ் பர்மாவை ஆங்கில ஏகாதிபத்தியம் விழுங்கியது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. பர்மா அரிசிக்கு உலகச் சந்தை பிறந்தது. காட்டை வெட்டி வயலாக்க பர்மிய விவசாயிக்குக் கடன் தேவைப்பட்டது. அந்தக் கடனை நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கடைகள் கொடுத்தன. 1930ஐ ஒட்டி உலகப் பொருளாதார நெருக்கடி வந்து நெல் விலை சரிந்தபோது கடனைத் திருப்பிக் கட்ட விவசாயிக்கு வழியில்லை. கடனுக்கு ஈடாக நிலம் கை மாறியது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் ஜில்லாக்களில் 1930இல் சாகுபடி நிலத்தில் 6 சதவீதம் செட்டியார் கடைகளிடம் இருந்தது. 1938இல் அது 25 சதவீதம் ஆயிற்று. எட்டே ஆண்டுகளில் நான்கில் ஒரு பங்கு!

ஒரு சமூகத்தைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. கடை வைத்தவருக்கு மேலே வெள்ளையரின் வங்கி இருந்தது. வங்கிக்கு மேலே வெள்ளையரின் சர்க்கார் இருந்தது. பர்மிய விவசாயியைப் பிழிந்தது அந்த ஏற்பாடு முழுவதும்தான். 1930 டிசம்பரில் சாயா சான் தலைமையில் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். 1931 நவம்பரில் வெள்ளையர் ஆட்சி அவரைத் தூக்கிலிட்டது. அந்த விவசாயிகளின் வியர்வை கப்பலேறி வந்துதான் இங்கே தூணாகவும் தளமாகவும் நின்றது.

பிறகு என்ன நடந்தது? 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தார்கள். லட்சக்கணக்கான இந்தியர்கள் உயிர் பிழைக்க ஓடி வந்தார்கள். காடும் மலையுமாக நடந்து வந்தவர்களில் பெரும்பாலோர் மாளிகைக்காரர்கள் அல்ல. துறைமுகக் கூலிகளும், ஆலைக் கூலிகளும், வண்டியிழுத்தவர்களும்தான். வழியில் செத்தவர்கள் ஆயிரமாயிரம். 1948இல் பர்மா சுதந்திரம் பெற்று நிலச் சட்டம் கொண்டு வந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் வங்கிகளும் வியாபாரமும் அங்கே தேசியமயமாக்கப்பட்டன. வருமானம் நின்றது. இங்கே வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஒரு வீட்டுக்கு ஐம்பது, அறுபது பங்காளிகள். பழுது பார்க்க யார் பணம் போடுவது என்ற தகராறு. கடைசியில் பல வீடுகளை உடைத்து விற்றார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் அந்த வீடுகளின் கதவையும் நிலையையும் பீங்கானையும் கடைகளில் பார்க்கலாம்.

கை யாருடையது?

இப்போது கையைப் பார்ப்போம். அந்தச் சுவர்களின் வெளிப்புறத்தைத் தடவிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வழவழவென்று முட்டை ஓடு போல இருக்கும். எண்பது, நூறு ஆண்டு வெயிலும் மழையும் பட்ட பிறகும் பல இடங்களில் அந்த வழவழப்புப் போகவில்லை. இது மந்திரமல்ல, உழைப்பு.

கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ காளவாயில் அடுக்கிச் சுட வேண்டும். சூடு ஏறத்தாழ 900 டிகிரிக்குக் குறையக் கூடாது. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் அது கொதித்துப் பொங்கும். அப்படி நீற்றிய சுண்ணாம்பைக் குழியில் நாட்கணக்கில் ஊற வைக்க வேண்டும். பிறகு மணலோடு சேர்த்து, வட்டமான கல் தொட்டியில் போட்டு, மாடு பூட்டிய கல் உருளையால் அரைக்க வேண்டும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊற வைத்த தண்ணீரைக் கலவையில் சேர்ப்பார்கள். முதல் பூச்சு முரடாக இருக்கும். அடுத்தடுத்த பூச்சுகள் மெல்லியதாகவும் நயமாகவும் போய்க்கொண்டே இருக்கும். கடைசிப் பூச்சுக்கான சுண்ணாம்பை வெண்ணெய் போல அம்மியில் அரைத்து, முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்து, பூசி, ஈரம் காயுமுன் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள்.

சுவருக்கு முட்டை கிடைத்தது. அந்தச் சுவரைப் பூசியவரின் பிள்ளைக்கு முட்டை கிடைத்ததா?

மேல் தளத்தைப் பாருங்கள். தேக்குச் சட்டங்களின் மேல் செங்கலைச் சாய்வாக அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டித் தட்டி இறுக்கிய தளம் அது. கல் அரைத்ததும், கலவை சுமந்ததும், தளம் தட்டியதும் சித்தாள் பெண்கள். வாசலில் வீட்டுக்காரரின் பெயர் இருக்கிறது; கட்டிய ஆண்டு இருக்கிறது. கொத்தனாரின் பெயர் எந்த வாசலில் இருக்கிறது? சுதை உருவம் செய்தவரின் பெயர் எங்கே இருக்கிறது? தேடிப் பாருங்கள், கிடைக்காது.

ஆகவேதான் சொல்கிறோம்: வட்டிக் கணக்கு லேவாதேவிக்காரருடையது, சுவரில் இருக்கும் வேலை நம்முடையது. சுவர் இடிந்தால் நஷ்டம் யாருக்கு? பணம் போட்டவரின் குடும்பம் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டது. கடுக்காய்த் தண்ணீரின் பதம் அறிந்த கைதான் அநாதையாகிறது. பெயர் எழுதப்படாத உழைப்பாளி இந்த நாட்டில் விட்டுப்போன கையெழுத்து அந்தச் சுவர் ஒன்றுதான். அதையும் அழிய விடலாமா?

சிமெண்ட் செய்யும் கேடு

சரி, பழுது பார்க்கத்தான் செய்கிறார்களே என்பீர்கள். எப்படிப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். காரை பெயர்ந்த இடத்தில் சிமெண்டை அப்புகிறார்கள். அதன் மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடிக்கிறார்கள். முதல் வருஷம் பளபளவென்று இருக்கும். மூன்றாம் வருஷம் அடிச்சுவரில் உப்புப் பூக்கும். அதற்குப் பின் சிமெண்ட் பாளம் பாளமாகப் பெயரும். பெயரும்போது செங்கலின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழும்.

ஏன் இப்படி? நம் வீட்டு மண்பானையை நினைத்துக்கொள்ளுங்கள். மண்பானை வியர்க்கிறது, அதனால் தண்ணீர் குளிர்கிறது. அதன் மேல் பெயிண்டைப் பூசி அடைத்தால் வியர்க்குமா? பழைய சுவரும் மண்பானையைப் போலத்தான். தரையின் ஓதம் செங்கல் வழியே மேலே ஏறும். சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தை வெளியே விடும். வெயிலில் அது ஆவியாகிப் போகும். சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுகிறது. அடைபட்ட ஈரம் இன்னும் உயரமாக ஏறுகிறது. அதோடு வந்த உப்பு செங்கலுக்குள்ளேயே படிகமாகி, செங்கலை உள்ளிருந்தே மாவாக்குகிறது. சிமெண்ட் இறுகிய பொருள். சுண்ணாம்பிலும் சிறு செங்கலிலும் கட்டிய சுவர் வெயிலுக்கும் குளிருக்கும் கொஞ்சம் அசைந்து கொடுக்கும் பொருள். இரண்டையும் கட்டிப்போட்டால் விரிசல் விடாமல் என்ன செய்யும்?

சிமெண்ட் கெட்ட பொருள் என்று நாம் சொல்லவில்லை. பாலத்துக்கும் அணைக்கும் அடுக்குமாடிக்கும் அது வேண்டும். பழைய சுவருக்கு அது மருந்தல்ல என்றுதான் சொல்கிறோம். டிராக்டர் நல்ல இயந்திரம்தான். அதற்காக அதைக் கொண்டுபோய் நாற்றங்காலில் இறக்குவோமா?

முறையான வேலை எது?

அனுபவமுள்ள மேஸ்திரி ஒருவர் இந்த வீட்டின் வெளிப்புறத்தைச் சீர் செய்ய இறங்கினால் முதலில் சுவரைத் தொட மாட்டார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பார். ஓடு உடைந்திருக்கிறதா, தளம் வெடித்திருக்கிறதா, மழை நீர்த் தூம்பு அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார். கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றை வெட்டிவிட்டால் மட்டும் போதாது, வேரைத் தேடி அழிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். தண்ணீரை நிறுத்தாமல் பூசிய பூச்சு ஓட்டைப் பானையில் ஊற்றிய கஞ்சிதான்.

பிறகு, முன்பு அப்பிய சிமெண்டை உளியால் மெதுவாகத் தட்டி எடுப்பார். இயந்திரம் போட்டு உடைத்தால் செங்கலும் கூட வரும். நல்ல நிலையில் இருக்கும் பழைய காரையைத் தொடாமல் விடுவார். பெயர்ந்து கிடக்கும் ஒரு துண்டை நொறுக்கி அதில் என்ன மணல், எவ்வளவு சுண்ணாம்பு என்று பார்த்து, அதே போலக் கலவை சேர்ப்பார். உப்பை நீக்கிச் சுவரை நனைத்து, மெல்லிய பூச்சாகப் பூசி, ஒன்று இறுகிய பிறகே அடுத்ததைப் பூசுவார். கடும் வெயில் பட்டால் வெடிக்கும் என்று ஈரச் சாக்கைத் தொங்கவிடுவார். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமிலவாயுவை இழுத்து மெதுவாகத்தான் மறுபடி கல்லாகிறது. அதை அதட்டி வேலை வாங்க முடியாது. உடைந்த சுதை உருவத்துக்கு அச்சு வார்த்து ஒட்ட மாட்டார். செங்கல் துண்டும் ஆணியும் சுண்ணாம்பும் வைத்துக் கையாலேயே மறுபடி எழுப்புவார். கடைசியில் பிளாஸ்டிக் பெயிண்ட் அல்ல. சுண்ணாம்பிலேயே காவியோ நீலமோ கலந்து வெள்ளையடிப்பார்.

இதில் எந்த வேலையையும் அவசரத்தில் செய்ய முடியாது. பிரச்னையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

"ஆள் கிடைக்கவில்லை"

ஏன் இப்படிச் செய்வதில்லை என்று கேட்டால் கான்ட்ராக்டர் சொல்கிறார்: "சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் கிடைக்கவில்லை." ஏதோ மழை பெய்யவில்லை என்பது போல, யார் மீதும் குற்றமில்லாத இயற்கையின் செயல் போலச் சொல்கிறார்.

ஆள் எங்கே போனார்? சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசினால், ஐந்து பூச்சுப் பூசுபவர் பட்டினி கிடப்பார்; ஒரே பூச்சில் முடிப்பவர் பிழைப்பார். குறைந்த தொகைக்கு எழுதியவருக்கே டெண்டர் என்றால், முறையாக வேலை செய்பவருக்கு வேலை எப்படிக் கிடைக்கும்? மழை வந்தால் கூலி இல்லை; சுவர் காயும்வரை காத்திருந்தால் கூலி இல்லை. காளவாய்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. கல் உருளைகள் வேலியோரம் கிடக்கின்றன. தந்தை பட்ட பாட்டைப் பார்த்த மகன் கரணையைக் கீழே வைத்துவிட்டுத் திருப்பூருக்கும், வளைகுடா நாடுகளுக்கும் போய்விட்டார். அவர் போனதில் என்ன தவறு? தொழில் அவரைக் கைவிட்டது. அவர் தொழிலைக் கைவிடவில்லை.

ஆலைத் தொழிலாளிகளுக்கு இது புதிதல்ல. இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லும் பழைய தொழிலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மில் நின்ற பிறகு "திறமைசாலி கிடைக்கவில்லை" என்று அழும் நிர்வாகத்தை நாம் பார்த்திருக்கிறோம்.

இன்னொரு விஷயம். முப்பது வருஷம் சாந்துச் சட்டி சுமந்த பெண்ணுக்குக் கலவையின் பதம் கொத்தனாரைவிட நன்றாகத் தெரியும். ஆனால் அவர் கையில் கரணையைக் கொடுப்பவர் யார்? சித்தாளாகச் சேர்ந்தவர் சித்தாளாகவே கிழவியாகிறார். "ஆள் இல்லை" என்று சொல்பவர்களின் கண்ணுக்கு எதிரிலேயே ஆள் சட்டி சுமந்து நிற்கிறார்!

வேலையில் இருக்கும் ஆபத்தையும் பாரம்பரியம் பேசுபவர்கள் பேசுவதில்லை. நீற்றும்போது ஒரு துளி தெறித்தால் கண் போகும். சுண்ணாம்பில் ஊறிய கை வெடிக்கும். பழைய பூச்சை உடைக்கும்போதும் கல்லை அறுக்கும்போதும் எழும் மணல் தூசி நுரையீரலில் தங்கினால் திரும்பாது. அந்தத் தூசி எப்படிப்பட்டது என்பது நூற்பாலையில் இருமும் தோழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மற்ற நாடுகளில் என்ன செய்தார்கள்?

பழைய கட்டடத்தைக் காப்பதும் உழைப்பாளியை மதிப்பதும் வேறு வேறல்ல என்பதை முன்பே உணர்ந்தவர்கள் உண்டு. இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸ் என்பவர் இருந்தார். கவிஞர்; சாயம் தோய்க்கவும் தறியில் நெய்யவும் தாமே கற்றுக்கொண்டவர்; பின்னாளில் சோஷலிஸ்டாகி 1884இல் சோஷலிஸ்ட் லீகைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவர் 1877இல் பழைய கட்டடங்களின் பாதுகாப்புக்காக ஒரு சங்கம் அமைத்தார். அந்தக் காலத்தில் பழைய தேவாலயங்களைப் "புதுப்பிக்கிறோம்" என்ற பெயரில் மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகச் செய்து வைத்தார்கள். மாரிஸ் எதிர்த்தார். சுரண்டாதே, பழுதை மட்டும் பார், அன்றாடம் கவனி, பழைய தொழிலாளி செய்த வேலையைத் துடைத்துவிட்டுப் பொய்யான பழமையை ஒட்டாதே என்பது அவரது கட்சி. அந்தச் சங்கம் இன்றும் நடக்கிறது. சுதந்திரமாக மனமொப்பிச் செய்த வேலையிலேதான் கலை பிறக்கும் என்று அவர் ஓயாமல் வாதாடினார்.

போலந்தின் வார்சா நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1944இல் மக்கள் எழுச்சியை நசுக்கிய நாஜிகள் வீடு வீடாக வெடி வைத்து நகரைத் தகர்த்தார்கள். பழைய நகரப் பகுதியில் 85 சதவீதத்துக்கு மேல் மண்மேடாயிற்று. யுத்தம் முடிந்ததும் அந்த மக்கள் அதை அப்படியே விட்டுவிடவில்லை. யுத்தத்துக்கு முன் கட்டடக்கலை மாணவர்கள் எடுத்து வைத்த அளவுகளையும், பதினெட்டாம் நூற்றாண்டில் பெலோட்டோ என்ற ஓவியர் வரைந்த தெருக் காட்சிகளையும் வைத்துக்கொண்டு, இடிபாட்டிலிருந்து பொறுக்கிய கல்லையும் செங்கலையும் சேர்த்து, வீடுகளின் முகப்பை மறுபடி எழுப்பினார்கள். 1953 ஜூலை 22ஆம் தேதி பழைய சந்தைச் சதுக்கம் திறக்கப்பட்டது. 1980இல் அது உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது.

நாம் கவனிக்க வேண்டியது, அந்த வீடுகளின் முகப்பு வியாபாரிகளின் பழைய முகப்பாக இருந்தாலும், உள்ளே சாதாரண மக்கள் குடியிருக்கும் வீடுகளாக அவற்றைக் கட்டினார்கள் என்பதுதான். அதில் எல்லாமே பழைய மாதிரி அமைந்துவிட்டது என்று சொல்ல முடியாது; சில இடங்களில் பழமையைக் கற்பனை செய்தும் கட்டினார்கள். ஆனாலும் ஒரு தலைமுறைக் கொத்தனாரும் தச்சரும் சுதை வேலைக்காரரும் அந்த வேலையிலேயே தொழில் கற்றுத் தேர்ந்தார்கள். மண்மேட்டிலிருந்து அவர்களால் ஒரு நகரத்தை எழுப்ப முடிந்தது. நின்றுகொண்டிருக்கும் சுவரை நம்மால் காக்க முடியாதா?

செலவுக் கணக்கு

"சுண்ணாம்பு வேலை செலவு அதிகம்" என்பார்கள். முதல் வருஷக் கணக்கை மட்டும் பார்த்தால் அது உண்மைதான். ஆனால் சிமெண்ட் பூச்சை மறுபடி மறுபடி உடைத்துப் பூசும் செலவையும், மாவாகிப் போகும் செங்கலின் விலையையும் அந்தக் கணக்கில் ஏன் சேர்ப்பதில்லை?

இன்னொன்றையும் கேட்போம். அந்தச் செலவு யார் கைக்குப் போகிறது? சிமெண்ட் பூச்சில் பணத்தின் பெரும் பகுதி கம்பெனிப் பொருளுக்குப் போகிறது. சுண்ணாம்பு வேலையில் பெரும் பகுதி கூலியாகப் போகிறது: காளவாய்க்காரருக்கு, கிளிஞ்சல் பொறுக்குபவருக்கு, அரைப்பவருக்கு, சித்தாளுக்கு, கொத்தனாருக்கு. பணம் அந்தக் கிராமத்திலேயே சுற்றுகிறது. விவசாய வேலை இல்லாத மாதங்களில் நூறு நாள் வேலை எப்போது வரும் என்று காத்திருக்கும் கூலி மக்களுக்கு இது சிறிய விஷயமா?

நமது கோரிக்கைகள்

ஆகவே பாரம்பரியத்தைக் காக்கிறோம் என்று சொல்லும் சர்க்காரிடமும், வீட்டுக்காரர்களிடமும், மாளிகையை ஓட்டலாக்கி ஓரிரவு வாடகையாக ஒரு கொத்தனாரின் பல நாள் கூலியை வாங்குபவர்களிடமும் நாம் கேட்பது இவைதான்:

முதலாவது, பழைய கட்டட வேலைக்குச் சதுர அடிக் கூலி கூடாது. நாள் கூலியும், சுவர் காயும் நாட்களுக்கும் மழை நாட்களுக்கும் காத்திருப்புக் கூலியும் வேண்டும். ஒப்பந்தத்தை எழுத்தில் எழுத வேண்டும்.

இரண்டாவது, குறைந்த தொகையை மட்டும் பார்த்து டெண்டர் கொடுக்கும் வழக்கம் இந்த வேலைக்கு ஒழிய வேண்டும். எந்தக் கலவை, எத்தனை பூச்சு, எவ்வளவு கால அவகாசம் என்பது டெண்டரிலேயே இருக்க வேண்டும். அதைச் சரிபார்க்கத் தொழில் தெரிந்த மேஸ்திரி இருக்க வேண்டும்; நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுபவர் மட்டும் போதாது.

மூன்றாவது, இன்னும் உயிரோடிருக்கும் முதிய சுண்ணாம்பு வேலைக்காரர்களை ஆசான்களாக நியமித்துச் சம்பளம் கொடுக்க வேண்டும். கற்றுக்கொள்ள வரும் இளைஞருக்கு உதவித்தொகை வேண்டும். பசித்த வயிற்றோடு எவரும் தொழில் கற்க முடியாது. இந்தப் பயிற்சியில் ஜாதி பார்க்கக் கூடாது. பாதி இடம் பெண்களுக்கு வேண்டும். தேறிய பெண்ணுக்குக் கொத்தனார் கூலி வேண்டும்.

நான்காவது, கண்ணாடி, கையுறை, முகக்கவசம், உறுதியான சாரம் ஆகியவை முதலாளியின் தயவல்ல, தொழிலாளியின் உரிமை. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994இல் அமைந்தது போராடிப் பெற்றதால்தான். காளவாயில் சுடுபவரும், சுண்ணாம்பு அரைப்பவரும் அந்தப் பாதுகாப்புக்குள் வர வேண்டும்.

ஐந்தாவது, பொதுப் பணம் செலவாகும் எந்த வீடும் பொது மக்களுக்குக் குறிப்பிட்ட நாட்களிலாவது திறந்திருக்க வேண்டும். அங்கே வேலை செய்தவர்களின் பெயரை, சித்தாள் உட்பட, கல்லில் வெட்டி வைக்க வேண்டும். அந்த வீட்டின் பணம் எந்த நாட்டு விவசாயியின் கடனிலிருந்து வந்தது என்பதையும் அதே கல்லில் எழுத வேண்டும்.

தோழர்களே! நம் கூரை ஒழுகும்போது மாளிகைச் சுவரைப் பற்றிப் பேசுவானேன் என்று முதலில் கேட்டோம். இரண்டையும் பழுது பார்க்கப் போகிறவர் ஒருவரே. அவருக்குக் கூலியும் மரியாதையும் கிடைக்கும் ஊரில் மாளிகைச் சுவரும் நிற்கும், குடிசைக் கூரையும் ஒழுகாது. உங்கள் ஊரில் கடுக்காய்த் தண்ணீரின் பதம் அறிந்த பெரியவர் எவரேனும் இருந்தால், அவர் பக்கத்தில் ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் உட்கார வையுங்கள். வேலியோரம் கிடக்கும் கல் உருளையைப் புரட்டி நிமிர்த்துங்கள். பிறகு கூலியைக் கேட்போம், சேர்ந்து கேட்போம், கிடைக்கும்வரை கேட்போம்.